குறை சொல்பவனே வாங்குவான்

உங்கள் அறைத் திரைச்சீலையில் சாயம் சரியாக ஏறவில்லை, டாக்டர். ஓரத்தில் நூலும் பிரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள், பிடித்திருப்பதால்தான் குறை சொல்கிறேன். மைசூர் மார்க்கெட் சந்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன் நான். குறை சொல்பவன் வாங்குவான். "சென்னாகிதே, ஆமேலே பர்த்தீவி", அதாவது நன்றாக இருக்கிறது, அப்புறம் வருகிறோம் என்பவன் திரும்பவே மாட்டான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் முன்பே இது வந்துவிடும்.

என் மகள் பிரதிபா ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, செல்போனில் ஏஐயோடு பயிற்சி செய்தாள். அது அதிகாரி மாதிரி கேள்வி கேட்கும். இவள் பதில் சொல்வாள். ஆனால் இவள் போய்விட்டால் கடையில் பேரம் பேச ஆள் ஏது? இரண்டு கல்யாணக் கோஷ்டிகளை ஒரே பாயில் உட்காரவைத்துப் பட்டு விற்கிறவள். அப்படிப்பட்ட சரக்கை எந்த வியாபாரி வெளியே விடுவான்?

அவள் சாப்பிடப் போயிருந்தபோது போனை எடுத்து, "இனிமே இந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் குறை சொல்லு" என்றேன். சரி என்றது. என் கடையில் மறுபேச்சில்லாமல் சொன்னதைக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

குறை சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. "என்னமா நொட்டை சொல்லுது பாருங்கப்பா. கட்டாயம் எடுத்துக்குவாங்க" என்றாள். தப்பு என்னுடையது. நான் வளர்த்த பெண் என்பதை மறந்துவிட்டேன்.

மறுநாள் மாற்றிச் சொன்னேன். "எல்லாப் பதிலுக்கும் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு. அப்புறம் சொல்லி அனுப்பறோம்னு முடிச்சிடு."

பிரதிபா பதிலை மாற்றினாள், குரலை மாற்றினாள், அது பார்க்கப்போகிறதா என்ன, புடவையைக்கூட மாற்றினாள். புகழ்ச்சி மட்டும் மாறவில்லை. "ஏதாச்சும் குறை இருந்தா சொல்லுங்க சார்" என்று அதைக் கெஞ்சினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

காலை ரயிலில் பெங்களூர் போனவள் மத்தியான ரயிலிலேயே திரும்பிவிட்டாள். "முதல் பதிலுக்கே ரொம்ப நல்லா சொன்னீங்கன்னாங்கப்பா. எழுந்து வந்துட்டேன்."

சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் கடைக்குப் போன் செய்தார்கள். பெண் அருமையாகப் பேசினாளே, ஏன் போய்விட்டாள், இன்னொரு தடவை வருவாளா என்றார்கள். அவளுக்கு இஷ்டமில்லை என்று தணிந்த குரலில் சொல்லி வைத்தேன். எதிரில்தான் இருந்தாள்.

"யாருப்பா?"

"ராங் நம்பரும்மா."

இப்போது கடையிலேயே இருக்கிறாள். ஆனால் யாராவது ஒரு புடவையை நன்றாக இருக்கிறது என்றால் போதும், மடித்து உள்ளே வைத்துவிடுகிறாள். பேச்சே கிடையாது. வியாபாரம் படுத்துவிட்டது. பெற்றவனுக்குப் பொறுக்குமா? அதனால்தான் அழைத்து வந்தேன்.

நடந்ததை அவளிடம் நானே சொல்லிவிட்டால் சரியாகிவிடுவாள் என்கிறீர்கள்.

அருமையான யோசனை, டாக்டர். திரைச்சீலையும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆமேலே பர்த்தீவி.