நூஹு செய்த பெட்டி

அந்தித் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்குக்குக் கால் மணி நேரம் இருந்தது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வரும் பாதையில், இரு புறமும் வயல் மட்டுமே உள்ள இடம். எங்கள் பக்கத்து வீட்டு றிஸ்வானின் மச்சான் ஹாதிக், வெறிச்சோடிக் கிடந்த பஸ் தரிப்பிடத்தருகே லொறியை நிறுத்தினான். பின்னால் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது... டொக், டொக். கயிறு தளர்ந்துவிட்டதென்று நினைத்தான்.

ஏற்றியிருந்தது ஒரேயொரு பெட்டி. ஆளுயர மரப்பெட்டி. மருதமுனை நூஹு செய்தது.

நூஹு தறி நெய்தவர். இந்தக் கரையில் முதன்முதல் மேடை கட்டி மெஜிக் காட்டியவர் அவர்தான் என்பார்கள். தறியின் மிதிபலகையைப் பெட்டிக்கு அடியில் பொருத்தி, உள்ளே இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார். அவருடைய மனைவி உள்ளே போய் மிதித்தால் கண்ணாடி திரும்பும். ஆளைக் காணோம். மறுபடி மிதித்தால் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். அறுபத்தைந்து வருடத்துக்கு முன், அக்கரைப்பற்று மேடையில் உள்ளே போனவள்... வரவில்லை. சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. நூஹு கோடரியால் பின்பலகையைப் பிளந்தார். கண்ணாடிதான் இருந்தது.

பிறகு அவர் மேடையேறவில்லை. பெட்டி அங்கேயே ஒரு கடையின் பின்னறையில் கிடந்தது. வெள்ளிதோறும் போய், அதன் முன்னால் வாய்திறவாமல் உட்கார்ந்திருப்பார், சாகும்வரை. இப்போது கடையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகள் ஜெமீலா பெட்டியை எடுப்பித்தார்.

ஹாதிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று மண்ணெண்ணெய் மணத்தது, பழைய மேடைகளில் பெற்றோமெக்ஸ் விளக்கு எரிவதுபோல. பக்கத்தில் ஒரு பெண்குரல்.

"சனம் போயித்தா?"

பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கேட்கிறாளாக்கும் என்று, திரும்பாமலே, "ஓம், எல்லாரும் போயித்தாங்க" என்றான்.

திரும்பிப் பார்த்தால்... ஒருவருமில்லை. பெட்டிக்குள் கிறீச்சென்று மரம் மிதிபட்டது. ஒரே ஒரு தரம்.

மருதமுனைவரை பின்கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினான்.

ஜெமீலாவுக்கு எழுபது வயது. பெட்டியை வீட்டு முன்மண்டபத்தில் இறக்கியதும் அவன் முகத்தைக் கவனித்தார்.

"உள்ளுக்கிருந்து கதைச்சாவா, மனே?"

"ஓம்."

"வாப்பாக்கும் கேக்கும். பதில் மட்டும் சொல்லிராத, சொன்னா வெளிய வந்திருவா எண்டு சொல்லித்துத்தான் மௌத்தானாரு. எனக்கு உம்மாட குரல ஒருக்காக் கேட்டாப் போதும். நீங்க ஒண்டும் சொல்லல்லதானே?"

ஹாதிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். பின்னால் பெட்டிக்கதவு திறந்தது.

"உம்மா" என்றார் ஜெமீலா.

 உள்ளிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், முதியவரிடம் பேசும் மரியாதையோடு...

"மூத்தம்மா, இஞ்ச என்ட புள்ள நிண்டா. அஞ்சு வயசு. கண்டீங்களா?"