பெட்டியில் வந்தபடியே

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குட்டை, ஐயா. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். என் தொழில் அப்படி. எங்கே உட்கார்ந்தாலும் முதுகு அளவெடுக்க ஆரம்பித்துவிடுகிறது. சரி, கேட்டதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி புருஷன், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ரேஸ் கார் ஓட்டுகிறவர். அந்தக் காரின் இஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டித் தருகிறவன் நான். ஒன்பது வருஷத்தில் பதினோரு இஞ்சின். கோப்பை வாங்கும்போதெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சின் நானே கட்டினது" என்பார். அவர் கட்டியது என் தங்கச்சியை மட்டும்தான், அதையும் இன்னொருவர் மந்திரம் சொல்லச் சொல்லத்தான் கட்டினார். மாப்பிள்ளை என்பதால் அவர் பட்டறைக்குள் நுழைந்தால் கை நிறைய கிரீஸோடு நான் எழுந்து நிற்க வேண்டும். நின்றேன்.

ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி. விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள்; ஒவ்வொன்றிலும் அதன் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். சந்தில் நுழைத்து இடைவெளியை அளப்பதற்கானது. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்து, என் கேஜை விரித்து, புள்ளி நாலு தகட்டால் பல் குத்துவார். புள்ளி மூன்று வளைந்துவிடுகிறதாம், புள்ளி ஐந்து உள்ளே போக மாட்டேன் என்கிறதாம். குத்தி முடித்ததும் துடைக்காமல் மூடி வைப்பார். அவர் பல்லிடுக்கின் அளவு, கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும். இது பெரிய குற்றமில்லை என்று எனக்கும் தெரிகிறது, ஐயா. அவர்மேல் எனக்கு என்னென்ன வருத்தம் என்று பட்டியல் கேட்டீர்கள், சொல்கிறேன்.

இப்போது ரிங். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனைச் சுற்றி எஃகு வளையங்கள் இருக்கும், அவைதான் ரிங். முழு வட்டம் கிடையாது, இரண்டு முனைக்கும் நடுவே கொஞ்சம் வாய் திறந்திருக்கும். இஞ்சின் சூடேறினால் ரிங் நீளும், முனைகள் நெருங்கும். இடைவெளி அதிகமென்றால் காற்று கசிந்து வேகம் குறையும். குறைவென்றால் முனைகள் முட்டிக்கொள்ளும். மேலும் நீள வழியில்லாமல் ரிங் சிலிண்டரின் சுவரையே கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ரிங்கையும் அதனதன் சிலிண்டரில் வைத்து, அளந்து, முனையைத் தேய்த்து, மறுபடி வைத்து அளக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பெட்டியில் வரும் ரிங்கில் இடைவெளி புள்ளி மூன்று ஐந்து இருக்கும். கடைக்கும் வீட்டுக்கும் போய்வருகிற சாதா காருக்கு அது போதும். இந்த வருஷம் மாப்பிள்ளை, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பெரிய டர்போ ஒன்று வாங்கி வந்திருந்தார். அது கொடுக்கிற சூட்டுக்குப் புள்ளி ஐந்து ஐந்து விட வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், மூணு நாளா இதையே நகம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிட்டு இருக்கீங்க?"

"எட்டு ரிங் மாப்பிள்ளை. ஒவ்வொண்ணையும் அதது இடத்துல வச்சுப் பாக்கணும்."

"கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? பெட்டியில வந்தபடியே மாட்டுங்க. சும்மா ஃபிலிம் காட்டாதீங்க."

சொல்லிவிட்டுக் கேஜை எடுத்து விரித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது என்று எழுதிவிடாதீர்கள். வந்தது நிம்மதி. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதை அப்படியே செய்யலாம் என்று தோன்றியது. அதற்குள் ஏழு ரிங் தேய்த்து முடித்திருந்தேன். அவற்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவந்தீர்களே, அவைதான்.

நான் எதையும் மறைக்கவில்லை. இஞ்சின் முடிந்ததும் எல்லா இடைவெளியையும் ஒரு அட்டையில் எழுதி, வண்டி எடுக்கிறவரிடம் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். எட்டுக் கட்டத்திலும் 0.35 என்று திருத்தமாக எழுதி நீட்டினேன். மாப்பிள்ளை அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ரசிகனுக்குப் போட்டுக் கொடுக்கிற மாதிரி சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். படித்திருந்தால் பிழைத்திருப்பார். படிக்காத மனுஷனுக்கு நான் என்ன செய்ய முடியும்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை ஓட்டம். முதல் இரண்டு சுற்று பதவிசாகத்தான் ஓட்டினார். மூன்றாவதில் மிதித்தார். நான் ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரிங்கின் முனைகள் முட்டுகிற சத்தம் வெளியே கேட்காது. அதற்கு அடுத்ததுதான் கேட்கும். இஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டது, பின்சக்கரங்கள் நின்றன, வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கான்கிரீட் சுவரில் மோதியது. எல்லாரும் ஓடினார்கள். நானும் டீயை வைத்துவிட்டுப் போனேன்.

இஞ்சின் நின்றுபோய் வண்டி நடுவழியில் நிற்கும், நாலு பேர் முன்னால் மாப்பிள்ளைக்கு மூக்குடையும், அவ்வளவுதான் நான் நினைத்தது என்று எழுதச் சொல்லலாம் என்றிருந்தேன். காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி விஷயம் மட்டும் இடிக்கிறது.

சோதனை ஓட்டத்தில் எப்போதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். அன்று ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம், உடனே கிளம்பிப் போ" என்றேன். அம்மா அந்நேரம் டிவியில் சமைக்கிற பெண்ணுக்கு உப்புப் போடத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். தங்கச்சி அழுதுகொண்டே ஓடினாள்.

அந்தச் சீட்டில்தான் எங்கள் பட்டறைப் பெயிண்டர் ஏறினான். என்னைவிட நாலு வயது சின்னவன். அந்தக் காருக்கு எத்தனையோ தடவை நம்பர் எழுதியிருக்கிறான், ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்ததில்லை. "அண்ணே, சீட்டு சும்மாதானே கிடக்கு, நான் ஏறிக்கட்டுமா?" என்று என்னிடம்தான் கேட்டான். பெல்ட் போடத் தெரியாமல் விழித்தான், நான்தான் மாட்டிவிட்டேன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, தங்கமான மனுஷன்.

இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பான், ஐயா. அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு பொய். அதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.