பதினஞ்சு ஆம்பியர்

இல்லக்கா, நான் டாக்டர் இல்ல. நர்ஸும் இல்ல. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. ஸ்கூட்டர் சார்ஜர் கம்பெனியிலேர்ந்து வர்றேன். ஆமா, அதேதான். உங்க வீட்டுக்காரர் கையச் சுட்டுச்சே, அந்த சார்ஜருக்குள்ள இருக்குற சர்க்யூட்ட வரைஞ்சவ நான்தான்.

திட்டுங்க, பரவால்ல. ஆனா கேட்டுட்டுத் திட்டுங்க.

எப்படித் தீப்புடிச்சுதுன்னு எங்காளுங்க யாராச்சும் சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. உள்ள கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஃபியூஸ் இருக்கும்க்கா, சுண்டுவிரல் நுனி அளவுதான். கரன்ட் அளவுக்கு மேல ஓடுச்சுன்னா அது உருகி அறுந்துடணும். அதுக்கு வேற வேலையே கிடையாது. நான் வெச்சது அஞ்சு ஆம்பியர். என்னாச்சுன்னா, சுவிட்சப் போட்டதும் ஒரு கணம் கரன்ட் குபீர்னு பாயும். அதுக்கே ஃபியூஸ் போக ஆரம்பிச்சிடுச்சு. கடைக்காரங்க பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்புனாங்க.

அது என் தப்பு, இல்லேங்கல. சரிபண்ண வழியும் நானே சொன்னேன். கொஞ்சம் பொறுத்து உருகுற ஃபியூஸ் இருக்கு, அதப் போடலாம். முதல் பாய்ச்சல அடக்க இன்னொரு பாகம், சட்டைப் பொத்தான் சைஸ், அவ்ளோதான். சர்க்யூட் போர்ட மாத்தி வரையணும், மூணு வாரம் குடுங்கன்னேன். மேனேஜர் சிரிக்கறார்க்கா. பெரிய ஃபியூஸா மாட்டுனா மூணு நிமிஷந்தானேம்மாங்கறார். பதினஞ்சு ஆம்பியராம்! சார், வயர் தாங்கறதே ஆறுதான்னேன். வயர் புகையறத வீடியோ எடுத்துக் காட்டுனேன். பாத்துட்டு, சரி வேலையப் பாருங்கன்னு போயிட்டார். செவுத்துக்கிட்ட பேசியிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்.

எரிஞ்ச சார்ஜர உங்க தம்பி கொண்டாந்து குடுத்தார்ல, நேத்து அதக் கழட்டிப் பாத்தேன். உள்ள ஒரு பாகம் பாதி ஷார்ட் ஆயிருக்கு. எப்படியும் பன்னெண்டு ஓடியிருக்கும். பதினஞ்சுக்குப் பன்னெண்டு ஒரு பொருட்டா? ஃபியூஸ் புதுசு கணக்கா அப்படியே இருக்கு, வயர் கரிக்கட்ட. உங்க வீட்டுக்காரர் மட்டும் பிடுங்கி வாசல்ல வீசலேன்னா வீடே போயிருக்கும்.

என்னது, வலது கையா? டைலரா அவரு? எங்கிட்ட யாருமே சொல்லலக்கா. கத்திரி புடிக்கிற கைங்களா...

இல்ல, தண்ணி வேணாம். நான் ஒண்ணும் அழல.

உங்களப் பாக்கணும்னு நானா வரலக்கா, பொய் எதுக்கு. அனுப்புனாங்க. இந்தப் பேப்பர்ல உங்க கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். சார்ஜர அவரே தொறந்து நோண்டுனாருன்னு எழுதியிருக்கு. பொம்பளைக்குப் பொம்பள பேசுனா காரியம் முடிஞ்சிடும்னு மேனேஜருக்கு நெனப்பு. போட்டுடாதீங்க. நாளைக்கு வேற யாராவது வருவாங்க, நயமாப் பேசுவாங்க, அப்பவும் போடாதீங்க. இந்தாங்க, இது என் டெஸ்ட் ரிப்போர்ட். இத நல்ல வக்கீலாப் பாத்துக் குடுங்க.

எது, கடைசிப் பக்கத்துலயா? பதினஞ்சு ஆம்பியருக்கு சம்மதம்னு போட்டு, அதுக்குக் கீழ இருக்கே, அந்தக் கையெழுத்தா?

என்னோடதுதான்க்கா. ரெண்டு வாரமாக் கத்திக் கத்தி அலுத்துப்போச்சு. நீட்டுனாங்க, போட்டுட்டேன்.