சவ்வைக் காத்த சொர்ணலதா அம்மையாருக்கு

கத்தி எடுத்தும் கனிவு மாறாத கைகளுக்கு உரியவரே! கண்டிப்பிலும் கருணை குறையாத பேராசிரியரே! உடற்கூறியல் கூடத்தின் ஒளியே! எங்கள் துறையின் சவ்வே! வணக்கம்.

கடைசி விளியைக் கேட்டு விருந்தினர் திகைக்க வேண்டாம், அது வசவல்ல. உங்கள் பணி நிறைவு விழாவின் கன்னடப் பாராட்டு மடல் சற்றுமுன் முறையாக வாசிக்கப்பட்டுவிட்டது. இது துறையில் தமிழ் பேசும் எங்களுடையது, ஆகவே உரிமை கொஞ்சம் கூடுதல். தோலுக்கும் தசைக்கும் நடுவே, தசைக்கும் தசைக்கும் நடுவே, உடல் முழுவதும் பரவியிருக்கும் வெண்ணிறச் சவ்வை மருத்துவம் ஃபேசியா என்கிறது. லத்தீனில் அதற்குக் கட்டுத்துணி என்று பொருள். பொட்டலம் கட்டும் துணி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே, ஆண்டுதோறும் முதல் வகுப்புக்குத் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ஒரு பை குடகு ஆரஞ்சு வாங்கி வருவீர்கள். தோலை உரித்து, சுளையைப் பிரித்து, நடுவிலிருக்கும் வெள்ளையைப் பார்க்கச் சொல்வீர்கள். மணி அடித்த பின்னும் பாடம் நிற்காது. ஜவ்வாக இழுக்கிறார் என்று மாணவர்கள் முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அந்த முணுமுணுப்பில் ஒரு குரல் அனுப்ரியாவுடையது. கொள்ளேகாலிலிருந்து வந்து இங்கே படித்து, இன்று துறை அறையில் உங்களுக்கு அடுத்த இருக்கையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் அதே அனுப்ரியாதான். முதலாண்டில், தானமாக வந்த உடலொன்றில் தமக்கு ஒதுக்கிய கையை, சவ்வு துளியும் ஒட்டாமல் சுரண்டி, தசைகளைப் பாடப்புத்தகப் படம்போலப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றார்.

"கை எங்கேம்மா?" என்றீர்கள்.

"இதா இருக்குதுங் மேடம்."

"இது உதிரி பாகம்மா. கை அந்த வாளியிலே கிடக்கு. ஸ்வல்ப குனிஞ்சு எடு."

ஒவ்வொரு மேசையின் கீழும் மூடியிட்ட ஒரு வாளி இருக்கும். ஓர் உடலிலிருந்து நீங்கிய எந்தத் துணுக்கும் அந்த வாளியிலேயே சேர்ந்து, முடிவில் அந்த உடலோடே எரியூட்டப்பட வேண்டும் என்பது நீங்கள் வகுத்த நெறி. அனுப்ரியா எடுத்துத் தந்த சவ்வைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்தீர்கள். தொடுகையை உணர்த்தும் மெல்லிய நரம்பொன்று அதற்குள் பாதியில் அறுந்து கிடந்தது. அனுப்ரியாவுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த வெளிச்சத்தை விட்டுக் கண்ணெடுக்க மனம் வரவில்லை. இதுவே தன் துறை என்று அவர் முடிவு செய்தது அங்கேதான்.

சென்ற மாதம் தேநீர் வேளையில், வானிலை பேசுவதுபோல ஒன்று சொன்னீர்கள். "நான் போனப்புறம் என்னை நம்ம ஹாலுக்கே கொண்டு வாங்க. வேற காலேஜுக்கு அனுப்பிடாதீங்க. முதல் கத்தி அனுப்ரியா வைக்கட்டும். அவதான் சவ்வைக் கிழிக்க மாட்டா."

கூட உட்கார்ந்து உண்டவர்மேல் கத்தி வைக்க மனம் வராது. ஆகவே துறையினர் எவரேனும் உடலைத் தந்தால் அதை வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அனுப்ரியா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து உங்கள் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. நீங்களும் அவரை வற்புறுத்தவில்லை. ஓய்வு பெற்றுப் போகுமுன் அவளிடமிருந்து ஒரு 'சரி' வேண்டும் என்று எங்களிடம் மட்டும் சொன்னீர்கள்.

நேற்றுப் பிற்பகல் ஆளற்ற கூடத்தில் அனுப்ரியா தனியே அமர்ந்திருந்தார். காலி மேசைமேல் வெயில் மெல்ல ஊர்ந்தது. கழுத்தில் ஒரு பெயர், தொடையில் ஒரு பெயர், உள்ளங்காலில் ஒரு பெயர். பெயர்கள் நாம் வைத்தவை, சவ்வு ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது நினைவில் ஓடியது. கண் சொக்கியது. முடிவே இல்லாத அந்த வெண்மைக்குள் அவர் நடந்துகொண்டிருந்தார், முன்னே ஆரஞ்சுப் பையோடு நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். அவர் கூப்பிட, நீங்கள் திரும்பி, "மெதுவா வாம்மா, அவசரமில்ல" என்றீர்கள். விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. வெளியே வந்து, கண்ட கனவை எங்களிடம் சொல்லி, இந்த மடலைத் தாமே வாசிப்பதாகச் சொன்னார்.

ஆகவே, அம்மையீர், எங்கள் நிபந்தனையைக் கேளுங்கள். அனுப்ரியாவும் ஓய்வு பெற்று, தலை நரைத்து, தடித்த கண்ணாடி மாட்டிய பின்னரே அந்த நாள் வர வேண்டும். அதுவரை நோயின்றி, நொடியின்றி, மூட்டு வலியின்றி, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்புக்கு ஆரஞ்சுப் பையோடு நீங்களே வர வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் கேட்போம். பிறகு உங்கள் மேசை நம் கூடத்திலேயே இருக்கும். உங்கள் வாளியில் ஒரு துணுக்கும் தவறாது.

இவ்விடத்தில் வாசிப்பவர் தாளை இறக்கிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அவர் கேட்டுக்கொண்டபடி அதை அப்படியே எழுதியிருக்கிறோம்:

"சரீங் மேடம். நானே செய்யறனுங்."

என்றும் உங்கள்,
உடற்கூறியல் துறையின் தமிழ்க் குரல்கள்
மைசூரு