நடுவில் நின்ற சின்ன கியர்

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும், சார். சாவியைத் திருப்பிய உடனே அது கிளம்பாது. உள்ளே இருக்கும் கம்பிகள் முதலில் சூடேற வேண்டும். மலையேறி வந்து நின்ற உடனே அணைக்கவும் கூடாது. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அவசரக்காரனிடம் கொடுத்தால் ஆறு மாதத்தில் பழைய இரும்புக்கடைக்குப் போய்விடும். என்னைப் போலப் பொறுமைசாலி உண்டா என்று என் மனைவியே எல்லோரிடமும் சொல்லுவாள். இப்போது சொல்ல அவள் இல்லை.

எனக்கு நிலம் அளக்கிற வேலை. ரோடு போட வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, வேலை முடிந்ததும் கப்பலில் கொண்டுவந்த வண்டிகளை ஏலம் விட்டது. அதில் ஒன்று என்னுடையது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஏல நாளன்று நான் மலையில் அளவெடுத்துக்கொண்டிருந்ததால், மனைவி போய்க் கையெழுத்துப் போட்டாள். அதனால் பத்திரம் அவள் பெயரில். பத்தொன்பது வருடம் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அந்த வண்டிக்கு உதிரிபாகம் உள்ளூரில் கிடையாது. ஆயில் சீல் ஒரு நாட்டிலிருந்து, ஃபில்டர் இன்னொரு நாட்டிலிருந்து என்று தபாலில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். "உங்க வண்டிக்கு வர்ற பார்சல்ல பாதி என் பொண்ணுக்கு வரனா வந்திருந்தா, நான் எப்பவோ பேரன் எடுத்திருப்பேன் சார்."

மெக்கானிக் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் டாக்டர். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது கொஞ்சம் இருமுதுண்ணே" என்பார். மூன்றாவது சிலிண்டரைப் பிரித்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. வேலை போய், இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன் சார். அவனிடம் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் வண்டியைத் தொட ஆரம்பித்தான். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து, நின்றதும் படக்கென்று அணைப்பான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றினான். சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக் போடவே மாட்டான்.

"கியர்ல போட்டுட்டேன் மாமா. யானை வந்து தள்ளினாலும் நகராது."

"கைப்பிரேக்கையும் இழுத்து விடு. அதுக்குத்தானே வெச்சிருக்கான்."

"நீங்க வண்டி ஓட்டல மாமா, குழந்தை வளக்குறீங்க."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை. மனைவி மட்டும் எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் பொறுமையாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள். தம்பிக்குத் தெரிந்த பட்டறையில் அந்த டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் என்ஜின் வைத்துத் தருவார்களாம். அவன் அதை ஓட்டிப் பிழைத்துக்கொள்வானாம்.

"சத்தமில்லாம போகும்ங்க. நானும் நாலு இடத்துல மானமா இறங்குவேன்."

"என்ஜினை எடுத்துட்டா அப்புறம் அது என்ன வண்டி?"

"ஏன், இதயத்த மாத்தி வெச்சா மனுஷன் வேற ஆளாயிடுறானா?"

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. கழற்றிய என்ஜினை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்றான் மச்சினன், வாயில் சோற்றோடு. அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் வண்டி பட்டறைக்குப் போக வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். இந்த வகை வண்டியில் இரண்டு கியர்க் கம்பிகள் உண்டு. பெரியது எல்லா வண்டியிலும் இருப்பது. பக்கத்தில் ஒரு சின்னது. இரண்டு சக்கரம் இழுப்பதா, நான்கும் இழுப்பதா என்று அதை வைத்துத்தான் மாற்றுவோம். அந்தச் சின்ன கியரை நடுவில் நிறுத்திவிட்டால், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரிய கியரைப் போட்டிருந்தாலும் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். வண்டியோடு வந்த புத்தகத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். மச்சினன் புத்தகம் படிக்கிற ரகம் இல்லை.

எங்கள் வீட்டுக் கொட்டகை மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து கேட் வரை முப்பதடி சரிவு. ஞாயிற்றுக்கிழமை மாலை, அவன் கேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். வழக்கம்போலக் கியரில் போட்டான், கைப்பிரேக்கைத் தொடவில்லை. வழக்கம்போல நான் போய் முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்தேன். அப்புறம் உள்ளே ஏறி, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சின்ன கியரை நடுவுக்குத் தள்ளினேன். மெல்லக் காலை எடுத்தேன். வண்டி ஒரு விரல்கடை முன்னால் வந்து, கட்டையில் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான். அடுப்பை அணைக்கிற மாதிரி ஒரு வேலை.

அவனுக்கு ஒரு பாடம். அது மட்டும்தான் என் மனதில் இருந்தது. தம்பி கையில் வண்டி தானாக உருண்டு ஓடினால், அவளே பயந்துபோய்ப் பட்டறையை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். யாரையும் நோகடிக்காத வழி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கட்டை எடுக்கப்பட்டது. வண்டி இறங்கியது.

அவள் கீழே, கேட்டுக்கு நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வெளியே வரும்போது தெருவில் வருகிறவர்களைக் கை காட்டி நிறுத்துவாள். இத்தனை வருடமும் அந்த வண்டி வருவது நாலு வீடு தள்ளியும் கேட்கும். அவள் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அன்று அது சத்தமில்லாமல் வந்தது. சரளைக்கல்லில் டயர் நசுங்கும் ஓசை மட்டும். நெல்லை முறத்தில் கொட்டுகிற மாதிரி. அந்த நேரத்தில் அவள் அங்கே நின்றது விதி என்றுதான் அன்று வந்தவர்களிடம் சொன்னேன்.

மச்சினன் அவளிடம் ஓடினான். நான் வண்டியிடம் ஓடினேன். தெருவைத் தாண்டி எதிர்ப்பக்க மணல்மேட்டில் மூக்கை வைத்து நின்றிருந்தது. ஏறி, சின்ன கியரைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்தேன். மீண்டும் உருண்டு வேறு யாருக்காவது ஆபத்து ஆகிவிடக் கூடாதே.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வண்டி கியரில் இருந்தது. கைப்பிரேக்கை அப்புறம் இழுத்தது நான்தான் என்று சொன்னேன். பழைய வண்டி, கைப்பிரேக் போடாத டிரைவர் என்று எழுதி அவன் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் எடுத்தது நான்தான். என் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பாட்டை வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். "கியர்லதான் போட்டேன் மாமா. நல்லா ஞாபகம் இருக்கு. இல்ல, போடலியோ? அக்காவ நானே கொன்னுட்டேனா மாமா?" என்பான். நான் அவன் முதுகைத் தடவி, "நடந்தது நடந்துபோச்சு, விடுடா" என்பேன். வேறு யார் அவனுக்கு அப்படி ஆறுதல் சொல்வார்கள்?

வண்டியை எனக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். ஆனால் அதை என்னால் கிளப்ப முடியவில்லை சார். கம்பி சூடேறிவிட்டதைக் காட்டும் சின்ன பல்பு எரிந்துபோய் வருடக்கணக்காகிறது. அதற்குப் பதில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இருபது வரை எண்ணுவாள். இப்போதும் சாவியைத் திருப்பினால் எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு என்று நிதானமாக. பதினேழு வரை வருகிறது. அதற்குப் பிறகு சரளைக்கல் சத்தம். முப்பத்தெட்டு நாளாகத் தினமும் காலையில் சாவியைத் திருப்புகிறேன். பதினெட்டு வருவதே இல்லை. நானே சொல்லிப் பார்த்தேன், வாயிலிருந்து வரவில்லை.

பல்பில் என்ன கோளாறு என்று பார்க்க டாக்டரை வரச் சொன்னேன். அவர் பல்பைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அந்தச் சின்ன கியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டி கியர்ல இருந்துச்சுன்னு தம்பி சொல்லுது, போலீஸும் சொல்லுது. கியர்ல இருந்தா எப்படிண்ணே உருளும்?"

நான் பல்பைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"தம்பிக்கு இது நடுவுல நிக்கும்னே தெரியாது. தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கும்தான். நான் அன்னிக்கு ஊர்ல இல்ல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "போய்ச் சொல்லிடுங்க. சொல்லலேன்னா இந்த வண்டிய இனிமே நான் தொட மாட்டேன். சொன்னீங்கன்னா, நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவர் வாக்குத் தவறாதவர். அதனால்தான் வந்தேன். வண்டியை மறுபடி இங்கே கொண்டுவந்தால் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வாரம் ஒருமுறை டாக்டரை உள்ளே விடுங்கள். அவருக்குத் தெரியும்.

மச்சினனை விட்டுவிடுங்கள். அவன் கட்டையை எடுத்தான், அவ்வளவுதான். அதுவும் நான் சொல்லித்தான். ஜன்னலில் நின்றிருந்தேன். கேட் கனத்த இரும்பு சார். மூடியிருக்கும்போது வண்டி போய் மோதினால் ரேடியேட்டர் நசுங்கிவிடும், அந்த ரேடியேட்டர் இப்போது எந்த நாட்டிலும் கிடைப்பதில்லை. ஆகவே அவள் இரண்டு கதவையும் விரியத் திறந்து, நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்துதான், "கட்டைய எடுடா" என்று அவனுக்குக் குரல் கொடுத்தேன். நான் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் விபத்து.