சீமைக்குத் தேயிலை, நமக்குச் சீமைத் துணி

"நம்ம தேயிலையை வாங்கிக்கிறதுக்காகச் சீமைக்காரன் நம்ம சேலையை உருவுறானா?"

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வத்தேகம ஸ்டேஷனில் கண்டி ரயிலுக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி இப்படிக் கேட்டாள். மகள் கல்யாணத்துக்குச் சேலை தேடி மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பக்கத்தில் நின்ற கண்டித் துணிக்கடை முஸ்லிம் முதலாளி பிரசங்கம் தொடங்கினார்.

"ஒப்பந்தம், தங்கச்சி. நம்மட தேயிலைக்குச் சீமையில வரிச் சலுகை. அதுக்காக நாங்க சீமைத் துணிதான் வாங்கணும். மலிவான ஜப்பான் துணி இனிக் கொஞ்சந்தான் வரும். நாட்டுக்கு நல்லம்."

"சீமைத் துணி யானை விலை. தோட்டத்துலயோ ஆளைக் குறைக்கிறாங்க. அது கிடக்கட்டும், பெருநாளைக்கு உங்க மகளுக்கு என்ன எடுத்தீங்க, நானா?"

"அது... ஜப்பான் பட்டு. வீட்டுக்கெண்டு முந்தியே அஞ்சாறு எடுத்து வெச்சேன்."

"அப்ப நாட்டுக்கு நல்லது செய்ய எம் மக மட்டுந்தான் அகப்பட்டாளா?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"சரி, பழைய விலைக்கு ஒண்டு தாரேன். ஒருத்தருக்கும் செல்லிடாதீங்க."

அவள் மேடையில் நின்ற எல்லோர் பக்கமும் திரும்பினாள்.

"கேட்டுக்கங்க! நானா வீட்டுல ஜப்பான் பட்டு இருக்காம், பழைய விலைதானாம். ஒண்ணு எனக்கு. மிச்சத்துக்கு எல்லாரும் வாங்க!"