பூஜை நாளில் அணைத்த மெயின் சுவிட்ச்

எழுதிப் பழக்கம் சிறிதும் இல்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். ஒரு தொலைபேசி அழைப்பின் ஒரு பக்கத்தை மட்டுமே என்னால் தர இயலும். மறுமுனையில் பேசியவரின் சொற்களை நானாகக் கற்பித்து எழுதுவது முறையாகாது என்று கருதி, அவ்விடங்களைப் புள்ளிகளாகவே விட்டிருக்கிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

"ஹலோ... சத்யாவா? சொல்லு, சொல்லு... ஆமா, கேக்கறது. இங்கே மொட்டை மாடி பூரா காத்தாடி, ஒரே கூச்சல்... ஃபோட்டோ எடுத்துட்டியா?... என்னது, சாமி தலை வரலையா? கிர்ஸ்டனுக்குச் சாமி முழுசா வேணும்மா. யானையையும் சேர்த்து எடு..."

கொல்கத்தா டாலிகஞ்ச் வீட்டின் மூன்றாம் மாடி பால்கனியில், பிற்பகல் இரண்டு மணி வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு பேசியவர் வித்யாலக்ஷ்மி. வங்கி அதிகாரி வேலையை விட்டுவிட்டு, நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிப் பெட்டிகளைக் கரியாஹாட் நடைபாதைக் கடைகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியவர். பன்னிரண்டு கடைகளில் ஜெனரேட்டர்கள் ஓய்ந்தன. பிறகு டென்மார்க் நிறுவனம் ஒன்று கைகோத்தது. அங்கே பேருந்துகளில் ஓடித் தேய்ந்த பேட்டரிகள் கப்பலில் கொல்கத்தாவுக்கு வரும். இவருடைய பெண்கள் அவற்றைப் பிரித்துச் சோதித்துப் புதுப் பெட்டிகளாகக் கட்டுவார்கள். பன்னிரண்டு, நானூறு ஆயிற்று. இப்போது அவர்களது கார்டன் ரீச் பட்டறையில் இப்பெட்டிகளுக்குத் தொண்ணூறு நாள் சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் தேறினால் கூட்டுத் தொழிற்சாலை உறுதி. கென்யாவுக்கும் பெட்டிகள் போகும். அன்று எழுபத்து மூன்றாம் நாள். தொழிற்கருவிகளின் தெய்வமான, யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மாவுக்குப் பூஜையும் அன்றுதான்; கொல்கத்தாவில் பட்டம் விடும் நாளும் அதுவே.

பட்டறையிலிருந்து அழைத்த சத்யப்ரியா வித்யாலக்ஷ்மியின் நிறுவனத்தில் முதல் ஊழியர், சோதனைக்குப் பொறுப்பாளர். பூஜை முடிந்து, கிச்சுரிப் பிரசாதம் சாப்பிட்டு, மற்றவர்கள் பட்டம் விடப் போய்விட்டார்கள். டென்மார்க் பொறியாளர் கிர்ஸ்டன் ஆசையோடு கேட்டிருந்த படத்தை எடுப்பதற்காகவே வித்யாலக்ஷ்மி சத்யப்ரியாவை மட்டும் மறுபடி பட்டறைக்கு அனுப்பியிருந்தார்.

"சரி, அனுப்பிடு... வேற என்ன?... ஏன் இழுக்கறே, சொல்லு... எந்தப் பெட்டி?... மூணாம் வரிசையா? எத்தனை டிகிரி காட்டறது?... இருக்காதே. எல்லாம்தான் அணைச்சாச்சே. முப்பத்திரண்டைத் தாண்டவே தாண்டாது... கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு... சரி சரி, இரு. நான் இங்கே பாக்கறேன்."

அவர் உள்ளே போய் மேசைமேலிருந்த மடிக்கணினியைத் திறந்தார். அளவுகளைக் குறிக்கும் பதிவுப் பெட்டி தனி பேட்டரியில் ஓடியதால், வெப்ப அளவை இங்கிருந்தும் பார்க்கலாம், டென்மார்க்கிலிருந்தும் பார்க்கலாம். மூன்றாம் வரிசைக்கு நேராக அறுபத்தொன்று என்றிருந்தது. அளவு ஐம்பதைத் தொட்டதுமே டென்மார்க்கில் எச்சரிக்கை மணி ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை. நாளை எங்கள் இயந்திரங்களுக்கு ஓய்வு நாள், அளவுகள் ஏறுக்குமாறாக இருந்தால் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம் என்று முந்தைய மாலை வித்யாலக்ஷ்மியே கிர்ஸ்டனுக்குப் பணிவாக எழுதியிருந்தார். உங்கள் வழக்கத்தை மதிக்கிறோம், மணியை நிறுத்தி வைத்துவிட்டோம் என்று கிர்ஸ்டனும் அன்பாகப் பதில் எழுதியிருந்தார்.

நாளை ஓர் இயந்திரமும் ஓடக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சொன்னவரும் வித்யாலக்ஷ்மிதான். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலைக்கூடத் தொடவிடாத குடும்பத்தில் வளர்ந்தவர். மெயின் சுவிட்சை அணைத்து, பொட்டு வைத்து, கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டச் சொல்லியிருந்தார். குளிர்விக்கும் விசிறிகளும், ஆபத்து வந்தால் மின்னூட்டத்தைத் துண்டிக்கும் காப்புப் பெட்டியும் அதே சுவிட்சில் இருந்தன. கூரைமேலிருந்த சோலார் பேனல்கள் அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. காலை மழை பதினொரு மணிக்கு விட்டு, அதன்பின் மூன்று மணி நேரமாக வெயில் பெட்டிகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சத்யா, மெயின் சுவிட்சைப் போடு... பரவாயில்லை, போடு... நான்தான் சொன்னேன், இல்லேங்கலை. இப்போ நானே சொல்றேன், போடு... நீ எலக்ட்ரிகல் டிப்ளமா படிச்சவளா, புரோகிதரா?... குத்தம்னா அது எனக்கு வரட்டும்மா... முடிச்சு அவிழலையா? அறுத்துடு... ம்... ம்... விசிறி சுத்தறதா?... அப்பாடா."

முதல் இரண்டு வரிசைகளின் எண்கள் மெல்ல இறங்கின. மூன்றாவது அறுபத்து நான்காயிற்று. காப்புப் பெட்டி உயிர்பெற்று, மின்சாரம் உள்ளே போவது நின்ற பிறகும் அது தானாக ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன வாசனை?... நகப்பாலிஷ் மாதிரியா?... இனிப்பாவா?"

டென்மார்க்கில் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே வித்யாலக்ஷ்மிக்குச் சொல்லிக்கொடுத்தது அது: தீப்பிடிக்கப்போகும் பேட்டரியின் வாசனை. அந்த வாசனை வந்தால் எதையும் எடுக்காதே, யாரையும் கேட்காதே, வெளியே போ. அதைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியவரும் அவரே. சொல்ல வேண்டியது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் கண்கள் மேசைமேல் கிடந்த ஒப்பந்தத்தின்மேல் இருந்தன. எழுபத்து மூன்று நாள் சோதனையின் முழு விவரமும் பதிவுப் பெட்டியில்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அந்தப் பெட்டி மூன்றாம் வரிசைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தது.

"சத்யா, வெளியில வந்துடு... ஆமா, உடனே... வரச்சே அந்தப் பதிவுப் பெட்டியை மட்டும் கழட்டி எடுத்துண்டு வந்துடேன். நாலு ஸ்க்ரூதான்... ஆமா, அது மட்டும்... ஃபோனை வைக்காதே. ஸ்பீக்கர்ல போட்டுக் கீழே வை."

அவர் திரையில் மூன்றாம் வரிசையின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாருடைய பட்டமோ அறுந்தது. பையன்கள் ஒரே குரலில் கத்திக்கொண்டு ஓடினார்கள். எண் எழுபதாயிற்று. இமைத்துப் பார்ப்பதற்குள் எண்பத்திரண்டு.

"சத்யா, வேண்டாம். விட்டுடு... கேக்கறதா? பெட்டி வேண்டாம்... ரெண்டு ஸ்க்ரூ பாக்கின்னா இருக்கட்டும். வேண்டாம்னு சொல்றேனே... நான் கேட்டது தப்பு. தப்பும்மா, வந்துடு... என்ன புகை? வெள்ளையாவா?... குனிஞ்சு வா. வாசல் பக்கம் வா... வாட்ச்மேன் நிமாய்-தாவைக் கூப்பிடு, கேட்லதானே இருக்கார்... ஏன் இப்படி இருமறே?... சத்யா, எங்கே இருக்கே?... பேசு... எதாவது சத்தம் கொடு..."

கணினித் திரையில் மூன்றாம் வரிசைக்கு நேராக இருந்த எண் மறைந்து ஒரு கோடு வந்தது. பிறகு இரண்டாம் வரிசைக்கு நேராகவும் ஒரு கோடு.

"ஹலோ... ஹலோ... சத்யா..."

இணைப்பு அறுந்தது. அவர் மறுபடி மறுபடி அழைத்தார், மணி போகவில்லை.

அன்று இழந்தவை இவை:

பேட்டரிப் பெட்டிகள், நாற்பத்தெட்டு.

சோலார் பேனல்கள், இருபது. பட்டறையின் கூரை முழுவதும்.

உள்ளே போக முயன்ற காவலர் நிமாய் அவர்களின் தீயில் வெந்த இடக்கையின் பிடிமானம்.

சோதனைப் பதிவில், அன்றைய பதினான்கு மணி நேரம் மட்டும். முந்தைய எழுபத்திரண்டு நாட்களின் நகல் இரவுதோறும் டென்மார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது என்றும், ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறது என்றும் கிர்ஸ்டன் பிறகு எழுதினார்.

சத்யப்ரியா, வயது இருபத்தொன்பது.